ஜெயிலுக்குள் ஒரு கடைத்தெரு!

இங்கிலாந்தில் பிக்கரிங் என்ற ஊரில் ஜான் கிர்க் என்று ஒரு டாக்டர் இருந்தார். கிராமம் கிராமமாகப் போய் வைத்தியம் பார்ப்பார்.

பீஸ் கொடுக்கக் காசு இல்லையா? பரவாயில்லை! வீட்டில் கிடக்கும் பழைய சாமானைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்.

ஊரார் குப்பை என்று தூக்கி எறிந்ததை எல்லாம் சேர்த்தார். கடைசியில் வைக்க இடம் இல்லை!

கைகொடுத்தது யார்க் நகரம். அங்கே காலியாகக் கிடந்த பெண்கள் ஜெயில், 1938-ல் மியூசியம் ஆனது. உள்ளே பழைய காலத்துக் கடைத்தெருவையே அமைத்துவிட்டார்கள். தெருவின் பெயர் டாக்டர் நினைவாக 'கிர்க்கேட்'!

பக்கத்துக் கடன்காரர் ஜெயிலும் பிறகு மியூசியத்தோடு சேர்ந்தது. 1739-ல் தூக்கில் தொங்கிய குதிரைத் திருடன் டிக் டர்பின் அடைபட்டது இங்கேதான்.

1940-ல் டாக்டர் கண்ணை மூடினார். அவர் சேர்த்த சாமான்களை ஜெயில் காப்பாற்றி வருகிறது.

பரணைச் சுத்தம் செய்பவர்களே, கொஞ்சம் யோசியுங்கள்!