உங்களுக்குத் தெரியுமா? மடிக்கணினிக் கச்சேரி

வயலினும் செல்லோவும் இருக்க வேண்டிய மேடையில் ஆளுக்கொரு மடிக்கணினி! அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2005-ல் டான் ட்ரூமன், பெர்ரி குக் இருவரும் தொடங்கிய மாணவர் இசைக்குழு இது. பெயர் ‘பிரின்ஸ்டன் லேப்டாப் ஆர்க்கெஸ்ட்ரா’, சுருக்கமாக ‘ப்ளார்க்’.

சூட்சுமம் கணினியில் இல்லை, ஒலிபெருக்கியில் இருக்கிறது. எல்லார் ஒலியையும் கலந்து இரண்டு பெரிய பெட்டிகள் வழியே விட்டால், எதை யார் வாசித்தார் என்றே தெரியாது. அதனால் ஒவ்வொரு மாணவரின் பக்கத்திலும் ஆறு ஸ்பீக்கர்கள் பதித்த ஓர் அரைக்கோளம். வீணையின் நாதம் வீணையிலிருந்தே வருவதுபோல, ஒலி வாசிப்பவரின் இடத்திலிருந்தே கிளம்பி நாலா பக்கமும் பரவும்.

2008-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கெ வாங் இதேபோல ஒரு குழுவை அமைத்தார். அங்கே அரைக்கோளமாக மாறியது எது தெரியுமா? ஐக்கியா கடையின் சாலட் கிண்ணம்! கவிழ்த்து, துளையிட்டு, கார் ஸ்பீக்கர்களைப் பொருத்திவிட்டார்கள். வாசிப்பவர்கள் தரையில் மெத்தை போட்டுத்தான் உட்காருகிறார்கள். சபா ரசிகர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

விசைப்பலகையைத் தட்டுவது மட்டுமே வாசிப்பு அல்ல. கணினியைச் சாய்த்தாலே ஒலி மாறும்படியும் நிரல் எழுதியிருக்கிறார்கள். கோல்ஃப் வீடியோ கேமுக்காக விற்பனைக்கு வந்த கருவியின் கயிறுகளைக் கையில் மாட்டி, இழுத்து இழுத்தும் வாசிக்கிறார்கள்.

ப்ளார்க்கோடு 2006-லேயே மேடையேறிய விருந்தாளி ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும்: தபலா மேதை ஜாகிர் உசேன்.