போலியோ போய்விட்டது, போலியோ பாதித்த பிள்ளைகள் எங்கே?

2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்தியாவைப் போலியோ இல்லாத நாடாக அறிவித்தது. 2009-ல் நம் நாட்டில் 741 பேரைத் தாக்கிய நோய் அது. 2010-ல் 42 பேராகவும் 2011-ல் ஒரே ஒரு குழந்தையாகவும் அந்த எண்ணிக்கை குறைந்தது. அந்தக் கடைசிக் குழந்தை மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தைச் சேர்ந்தது. தமிழகத்திலோ 2004-க்குப் பிறகு இயற்கையான போலியோ கிருமியால் யாரும் பாதிக்கப்படவில்லை.

இது நம் காலத்தின் மிகப் பெரிய மருத்துவ வெற்றிகளில் ஒன்று. ஆனால் அந்த அறிவிப்புக்குப் பிறகு, ஏற்கனவே பாதிக்கப்பட்ட பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்? மேலை நாடுகளில் தடுப்பூசி 1955-லேயே வந்துவிட்டதால், அங்கே போலியோ பாதித்தவர்களில் பெரும்பாலோர் இன்று முதியவர்கள். இந்தியாவில் நிலைமை வேறு. 2002-ல் மட்டும் 1,600 பேர் பாதிக்கப்பட்டார்கள். அன்று கைக்குழந்தையாக இருந்தவர்களுக்கு இப்போதுதான் இருபது வயது கடந்திருக்கிறது. படிப்பு, வேலை, திருமணம் என்று வாழ்க்கை தொடங்கும் வயது. இவர்களுக்கு இன்னும் ஐம்பது, அறுபது ஆண்டு வாழ்க்கை மீதம் இருக்கிறது. அவர்களுக்கான மறுவாழ்வு சிகிச்சை என்றால் என்ன, குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நமக்கு இதில் என்ன பங்கு?

2002-ன் 1,600 பேரில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். அந்த மாநிலத்தின் மேற்குப் பகுதி, குறிப்பாகப் பித்தளைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற முராதாபாத், பல ஆண்டுகள் போலியோவின் மையமாக இருந்தது. நெருக்கமான வீடுகள், திறந்த சாக்கடை, சுத்தமில்லாத குடிநீர், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு ஆகியவை முதல் காரணங்கள். வயிறு கெட்டிருக்கும் குழந்தைக்குச் சொட்டு மருந்து பல தடவை கொடுத்தாலும் சரியாகப் பிடிக்காது. இவற்றோடு வதந்தியும் சேர்ந்துகொண்டது. சொட்டு மருந்து கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று பரப்பினார்கள். அதை நம்பிக் கதவைச் சாத்திய வீடுகளில் முஸ்லிம் வீடுகள் நிறைய இருந்தன.

அந்தக் கதவுகளைத் திறந்தவர்களும் நம் மக்களே. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா போன்ற கல்வி நிறுவனங்கள் களத்தில் இறங்கின. உலமாக்கள் பேசினார்கள். இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களே வீடு வீடாகச் சென்று தாய்மார்களிடம் பேசினார்கள். நோயை விரட்டியதில் நம் சமுதாயத்துக்குப் பங்கு உண்டு. நோய் விட்டுச்சென்ற பிள்ளைகளைப் பராமரிப்பதிலும் அதே பங்கு இருக்க வேண்டும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

போலியோ கிருமி வாய் வழியாகப் போய்க் குடலில் பெருகுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்குச் சாதாரணக் காய்ச்சல் போல வந்து போகும். ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குக் கிருமி தண்டுவடத்துக்குப் போய், தசைகளை இயக்கும் நரம்பு அணுக்களை அழித்துவிடுகிறது. அந்த நரம்பை நம்பியிருந்த தசை செயலிழந்து மெலிகிறது.

இரண்டு விஷயங்களை நாம் மனதில் வைக்க வேண்டும். முதலாவது, கால் மரத்துப் போவதில்லை. தொட்டால் தெரியும், அடிபட்டால் வலிக்கும். இரண்டாவது, அறிவுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ‘இந்தப் பிள்ளையை எதற்குப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும்’ என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதற்கு மருத்துவ ரீதியாக ஒரு காரணமும் கிடையாது.

கிராமங்களில் பல பெற்றோர் ‘காய்ச்சலுக்கு ஊசி போட்டோம், மறுநாள் கால் போய்விட்டது’ என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. போலியோ கிருமி உடலில் இருக்கும் நேரத்தில் தசையில் ஊசி போட்டால், அந்தக் காலில் வாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஊசி நோயைக் கொண்டுவரவில்லை. ஏற்கனவே உள்ளே இருந்த நோயைத் தூண்டிவிட்டது.

முதல் இரண்டு ஆண்டுகள்

இறந்துபோன நரம்பு அணு திரும்ப வராது. ஆனால் பிழைத்திருக்கும் நரம்புகள் புதிய கிளைகளை விட்டு, அநாதையாகிப்போன தசை நார்களில் சிலவற்றைத் தத்தெடுத்துக்கொள்கின்றன. தானாகத் திரும்பி வரும் பலத்தில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்தில் வந்துவிடும். மீதி ஏறத்தாழ இரண்டு ஆண்டு வரை மெதுவாக வரும்.

இந்தக் காலத்தில்தான் நிறைய குடும்பங்கள் வழி தவறுகின்றன. எண்ணெய் தடவுகிறோம், தகடு கட்டுகிறோம், ஊர் ஊராக அலைகிறோம். அதற்குள் காலின் மூட்டுகள் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடுகின்றன. இடுப்பு மடங்கி விரிந்து, முழங்கால் மடங்கி, குதிகால் தரையைத் தொடாமல் நின்றுவிடும். மெலிந்த தசையைவிட இந்த இறுக்கம்தான் பிள்ளையைத் தவழ வைக்கிறது. தினமும் மூட்டுகளை மெதுவாக நீட்டி மடக்கும் பிசியோதெரபியும், இரவில் காலை நேராக வைக்கும் தகடும் இருந்தால் பெரும்பாலும் அது வராமல் தடுத்திருக்கலாம். இதைத் தாயே வீட்டில் செய்யலாம். ஒருமுறை முறையாகக் கற்றுக்கொண்டால் போதும்.

தவழ்பவரும் நிற்க முடியும்

‘வயது போய்விட்டது, இனி என்ன செய்ய’ என்று விட்டுவிட்ட பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. டெல்லி செயிண்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனையில் டாக்டர் மேத்யூ வர்கீஸ் தலைமையில் போலியோ பாதித்தவர்களுக்கென்றே ஒரு தனி வார்டு இயங்கியது. உத்தரப் பிரதேசம், பீகார் பகுதிகளிலிருந்து ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இளைஞர்களும் அங்கே வந்தார்கள். கைகளை ஊன்றித் தவழ்ந்து வந்தவர்கள் பலர், காலிபர் அணிந்து ஊன்றுகோலுடன் நின்று நடந்து வீடு திரும்பினார்கள்.

அந்தச் சிகிச்சையின் வரிசை எளிமையானது. முதலில் இறுகிய தசைநார்களை அறுவை சிகிச்சையால் தளர்த்துவார்கள். பிறகு மாவுக்கட்டுப் போட்டு, சில வாரங்களில் காலைப் படிப்படியாக நேராக்குவார்கள். அதன்பின் காலின் அளவுக்குக் காலிபர் செய்து, நிற்கவும் நடக்கவும் பயிற்சி தருவார்கள். சிலருக்கு நன்றாக இருக்கும் ஒரு தசைநாரை, வேலை செய்யாத தசையின் இடத்துக்கு மாற்றிப் பொருத்துவார்கள். பாத எலும்புகளை ஒன்றாக இணைத்து உறுதிப்படுத்தும் அறுவை சிகிச்சையை, எலும்பு வளர்ச்சி ஏறக்குறைய முடியும் பன்னிரண்டு வயதுக்குப் பிறகே செய்வார்கள். ஆகவே ‘இப்போது வேண்டாம், சில ஆண்டு கழித்து வாருங்கள்’ என்று மருத்துவர் சொன்னால் அது கைவிட்டதாக ஆகாது. அந்தத் தேதியைக் குறித்து வைத்துத் திரும்பப் போக வேண்டும்.

பலர் தொடையில் கையை ஊன்றி அழுத்தியபடி நடப்பதைப் பார்த்திருப்போம். முழங்காலை நேராகப் பிடிக்கும் தசை இல்லாததால் கை அந்த வேலையைச் செய்கிறது. அந்த வேலையைக் காலிபர் ஏற்றுக்கொண்டால் கைக்கு விடுதலை கிடைக்கிறது. புத்தகப் பையும் தூக்கலாம், குடையும் பிடிக்கலாம்.

ஒரு காலிபர் போதாது

வளரும் பிள்ளைக்குக் காலிபர் என்பது செருப்பு மாதிரி. வளர வளர மாற்ற வேண்டும். முகாமில் இலவசமாகக் கிடைத்த காலிபர் ஒரே ஆண்டில் சிறிதாகி, தோலில் புண் உண்டாக்கி, மூலையில் கிடக்கும் வீடுகள் ஏராளம். பாதித்த கால் மற்றக் காலைவிடக் குட்டையாகவே வளரும் என்பதால் செருப்பின் உயரத்தையும் அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் இடுப்பும் முதுகெலும்பும் வளையத் தொடங்கும்.

1975 முதல் ஜெய்ப்பூரில் இயங்கும் பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி, ‘ஜெய்ப்பூர் கால்’ மட்டுமல்லாமல் காலிபர்களையும் இலவசமாகத் தருகிறது. மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் கான்பூரில் உபகரணங்களைத் தயாரிக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ‘அடிப்’ திட்டத்தில் அவை கிடைக்கின்றன. தமிழகத்தில் வேலூர் சி.எம்.சி.யில் 1966 முதல் மறுவாழ்வு மையம் இயங்குகிறது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர்.

முப்பது வயதில் வரும் புதிய சோர்வு

போலியோ வந்து 15 முதல் 40 ஆண்டு கழித்து, சிலருக்குப் புதிதாகப் பலவீனம், கடும் சோர்வு, மூட்டு வலி வருகிறது. இதைப் ‘போலியோவுக்குப் பிந்தைய நோய்க்குறி’ என்பார்கள். கிருமி திரும்பி வருவதில்லை; அடுத்தவருக்குத் தொற்றவும் தொற்றாது. கூடுதல் தசை நார்களைச் சுமந்து இத்தனை காலம் உழைத்த நரம்புகள் களைத்துவிடுவதுதான் காரணம் என்று கருதப்படுகிறது.

இந்த நேரத்தில் ‘சோம்பேறித்தனம், இன்னும் நட, இன்னும் பயிற்சி செய்’ என்று விரட்டுவது தீங்கு செய்யும். களைப்பு வரும் முன்பே நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். உடல் எடை கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூரப் பயணத்துக்குச் சக்கர நாற்காலியோ மூன்று சக்கர ஸ்கூட்டரோ பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாதித்த காலின் எலும்பு மெலிந்திருக்கும் என்பதால் வழுக்கும் குளியலறையில் கைப்பிடி அவசியம். வேறு எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் ‘சிறுவயதில் போலியோ வந்தது’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சட்டம் தரும் உரிமை

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீதமும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் சாவி மாற்றுத்திறனாளி சான்றிதழும் யூ.டி.ஐ.டி அட்டையும்தான். ‘பெண் பிள்ளை, சான்றிதழ் வாங்கினால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், கல்யாணம் தடைபடும்’ என்று பயந்து இதை வாங்காமல் இருக்கும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். மறைத்ததால் எந்தப் பிள்ளைக்கும் கால் சரியாகவில்லை. படிப்பும் வேலையும்தான் பறிபோயின. தனக்கென்று சம்பாத்தியம் உள்ள பெண்ணைத் தேடி வரன் வருவதையும் நாம் பார்க்கிறோம்.

ஜமாஅத் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு மஹல்லாவிலும் போலியோ பாதித்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கு எடுப்போம். அவர்களிடம் சான்றிதழ் இருக்கிறதா, காலிபர் பொருந்துகிறதா, கடைசியாக மருத்துவரைப் பார்த்தது எப்போது என்று மூன்றே கேள்விகள் கேட்போம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அழைத்துச் செல்ல இரண்டு இளைஞர்களை நியமிப்போம்.

நம் பள்ளிவாசல்களையும் பார்ப்போம். வாசலில் ஏழெட்டுப் படி. ஒளூ செய்யும் இடத்தில் பாசியும் வழுக்கலும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. ஆனால் அவர் உள்ளே வர நாம் கட்டிய கட்டடம் அனுமதிக்கவில்லை. ஒரு சாய்தளம், ஒளூ செய்யுமிடத்தில் ஒரு கைப்பிடி, உயரமான ஒரு இருக்கை. சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை.

கடைசியாக ஒன்று. போலியோ இன்னும் உலகை விட்டுப் போகவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. தடுப்பு மருந்து தடைபட்ட காஸாவில், 25 ஆண்டுகளுக்குப் பிறகு 2024-ல் பத்து மாதக் குழந்தை ஒன்றின் கால் செயலிழந்தது. நம் வீட்டுக் குழந்தைக்குச் சொட்டு மருந்தும் தடுப்பூசியும் ஒரு தவணைகூடத் தவறக் கூடாது. அதே கவனத்தோடு, பக்கத்துத் தெருவில் பொருந்தாத காலிபரோடு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் அந்த இளைஞரின் கதவையும் இந்த வாரமே தட்டுவோம்.