லைசென்ஸ் ரிவால்வரோடு கிரிவலம் போகலாமா? சட்டம் என்ன சொல்லுது?

லைசென்ஸ் இருக்கு, இடுப்பில் ரிவால்வரும் இருக்கு. பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் சுத்தலாமா? கூடாது. ஏன்னு பார்ப்போம்.

லைசென்ஸ் யார் தர்றாங்க?
1959 ஆயுதச் சட்டப்படி, சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனர், திருவண்ணாமலை போன்ற மாவட்டங்களில் கலெக்டர். போலீஸ் விசாரணை அறிக்கை வந்த பிறகுதான் முடிவு.

எந்தத் தோட்டா வாங்கலாம்?
அமெரிக்கா மாதிரி கடையில் நின்று விதவிதமாகத் தேர்வு செய்யும் கதை இங்கே இல்லை. .38, 9 எம்.எம். ரகங்கள் சாமானியருக்குக் கிடையாது. ரிவால்வர் என்றாலே பெரும்பாலும் .32 தான். 2014-ல் கான்பூர் அரசு ஆலை பெண்களுக்காக அறிமுகப்படுத்திய 'நிர்பீக்' ரிவால்வரும் அதே ரகம். லைசென்ஸில் குறிப்பிட்ட ரகம், எண்ணிக்கையை மீறி ஒரு தோட்டாகூட வாங்க முடியாது. வாங்கும் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு.

வெளியே தெரியலாமா?
தெரியக் கூடாது. 2016 ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் உறையில் போட்டு, முழுசா மூடித்தான் எடுத்துப் போகணும்.

அப்போ கிரிவலத்தில் என்ன சிக்கல்?
மறைச்சு வச்சாலும் போதாது. திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகிய இடங்களுக்குச் சிறப்பு அனுமதி இல்லாமல் துப்பாக்கி கொண்டு போகக் கூடாது என்பது லைசென்ஸ் நிபந்தனை. லட்சக்கணக்கானோர் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் தவறி வெடிக்கும் ஒரே தோட்டா போதும், உயிர் போக.

கொண்டாட்டத்துக்கு வானத்தை நோக்கிச் சுட்டு, அடுத்தவங்க உயிருக்கு ஆபத்து உண்டாக்கினாலும் 2019 சட்டத் திருத்தப்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதனால், அண்ணாமலையாரைப் பார்க்கக் கிளம்பும்போது ரிவால்வர் வீட்டுப் பெட்டகத்திலேயே பூட்டி இருக்கட்டும்.