பூமியைப் போன்ற பூமி

பூகோள வகுப்பில் ஒரு நாள் ஒரு பையன் எழுந்து, "ஸார், பூமி பந்து மாதிரியா, ஆரஞ்சுப் பழம் மாதிரியா?" என்று கேட்டான். உபாத்தியாயர்களுக்கு இது பழகிய கேள்வி. "ஆரஞ்சுப் பழம் மாதிரி" என்றோம். பையன் விடவில்லை. மேஜை மேலிருந்த பூகோள உருண்டையைச் சுட்டிக் காட்டி, "அப்படியானால் இது ஏன் தட்டையாக இல்லை?" என்றான்.

அன்று மாலை வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பூமத்திய ரேகையில் பூமியின் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357. வித்தியாசம் 21 கிலோமீட்டர்தான். ஓரடி விட்டமுள்ள உருண்டையில் இந்தத் தட்டை ஒரே ஒரு மில்லிமீட்டர்! இத்தனை வருஷங்களாக ஆரஞ்சுப் பழத்தைக் காட்டிப் பிள்ளைகளை ஏமாற்றி வந்திருக்கிறோமே என்று வெட்கமாயிருந்தது.

இந்தச் சிறு தட்டைக்காக ஒரு காலத்தில் பெரிய போராட்டமே நடந்தது. பூமி துருவங்களில் அமுங்கியிருக்க வேண்டும் என்று நியூட்டன் 1687-ல் எழுதினார். பாரிஸில் சில பண்டிதர்கள், இல்லை, அது துருவங்களில் நீண்டிருக்கிறது என்றார்கள். வழக்கைத் தீர்க்கப் பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1735-ல் தென் அமெரிக்காவுக்கும், 1736-ல் பனி சூழ்ந்த லாப்லாந்துக்கும் அளவுக் கருவிகளுடன் புறப்பட்டார்கள். அளந்து பார்த்ததில் நியூட்டன் பக்கமே ஜயித்தது.

ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. பூமியின் வயிற்றில் உள்ள பொருள்கள் எல்லா இடத்திலும் ஒரே கனமாயில்லை. கனம் மிகுந்த இடத்தில் ஈர்ப்பு அதிகம். அங்கே கடல் நீர் சற்று மேடிடுகிறது. கனம் குறைந்த இடத்தில் பள்ளமாகிறது. காற்றும் அலையும் ஓய்ந்து, கடல் அசையாமல் நின்றால் எந்த உருவம் கொள்ளுமோ, கண்டங்களின் அடியிலும் கால்வாய் வெட்டி அந்த நீரை விட்டால் எந்த மட்டத்தில் நிற்குமோ, அதுவே பூமியின் மெய்யான உருவம். இதற்கு ஜெர்மானிய அறிஞர் லிஸ்டிங் என்பவர் 1873-ல் 'ஜியாய்டு' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'ஜீ' என்றால் பூமி; 'ஆய்டு' என்றால் 'போன்றது'. அதாவது, பூமியின் வடிவம் 'பூமியைப் போன்றது'!

இது பரிகாசமல்ல. ஒப்பிட வேறு பொருள் அகப்படாதபோது உண்மையாகச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

இந்தச் சொல்லை உபயோகிப்பதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். மலையும் பள்ளத்தாக்குமாய் நாம் காணும் தரை ஜியாய்டு அல்ல. உருளைக்கிழங்கு போல முண்டும் முடிச்சுமாகப் பூமியைக் காட்டும் படங்களும் பன்மடங்கு பெரிதாக்கி வரையப்பட்டவை. மேடு பள்ளமெல்லாம் ஏறத்தாழ நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

அந்தப் பள்ளங்களில் மிகப் பெரியது எங்கே இருக்கிறது தெரியுமா? நம் வீட்டு வாசலில்! இலங்கைக்குத் தெற்கே, இந்து மகா சமுத்திரத்தில், கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. கப்பலில் போகிறவருக்கு இறக்கம் தெரியாது. அங்குள்ள நீரும் ஈர்ப்புக்குச் செங்குத்தாகவே நிற்கிறது. பூமியின் ஆழத்தில், வெப்பத்தால் கனம் குறைந்த பாறைப் பகுதிகளே இதற்குக் காரணம் என்று பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

இதனால் நமக்கென்ன என்று நேயர்கள் கேட்கலாம். ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் 'கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர்' என்று எழுதியிருக்கிறதல்லவா? அந்தக் கடல் மட்டம் ஏறக்குறைய இந்த ஜியாய்டுதான். செயற்கைக் கோள்களைக் கொண்டு உயரம் காட்டும் கருவியோ, வழுவழுப்பான கணித உருவத்திலிருந்து அளக்கிறது. திருத்தம் செய்யாத அத்தகைய கருவியுடன் சென்னைக் கடற்கரையில் நின்றால், எண்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் நாம் முழுகியிருப்பதாக அது சொல்லும்!

மறுநாள் வகுப்பில் ஆரஞ்சுப் பழத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு, "பூமி பூமியைப் போலவே இருக்கிறது" என்றோம். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். கேள்வி கேட்ட பையன் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்படியானால், அளந்துதானே ஸார் தெரிந்துகொள்ள முடியும்?" என்றான்.

அன்றைய பாடத்தை நடத்தியவன் அவன்தான்.