உங்களுக்குத் தெரியுமா? மனநோய்க்கும் மணி உண்டு

வீராம்பட்டினம் மீனவர்கள் விடியுமுன் கடலுக்குக் கிளம்புகிறார்கள். பழகிப்போன உடம்பு அலாரம் அடிக்குமுன் விழித்துக்கொள்வதற்குக் காரணம் மூளைக்குள் இருக்கும் கடிகாரம்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே.சந்திரசேகரன் குழு இதை வௌவால்களிடம் ஆராய்ந்தது. அதோடு விடவில்லை, ஆட்களையே கடிகாரமும் சூரியனும் எட்டாத அறையில் நாள்கணக்கில் தங்கவைத்தது! அங்கும் தூக்கமும் விழிப்பும் மாறி மாறி வரத்தான் செய்தன.

இக்கடிகாரம் குழம்பினால் மனமும் குழம்பலாம். இருதுருவ மனநோயில் தூக்கம் குறைவது பல சமயம் மனம் அளவுமீறிப் பொங்கும் மிகை எழுச்சியின் முன்னறிவிப்பு. இந்நோய்க்குத் தரும் லித்தியம் என்னும் மருந்து, உடல் கடிகாரத்தின் சுற்றை நீட்டுவதாக விலங்கு ஆய்வுகள் காட்டின. தூக்கம், சாப்பாடு, வேலை ஆகியவற்றின் நேரத்தை ஒழுங்குபடுத்துவதே இந்நோய்க்கு ஒரு சிகிச்சை முறை.

மனநல மருத்துவரைப் பார்க்கும்போது தூங்கி எழும் நேரத்தையும் மறக்காமல் சொல்லுங்கள்.