பேரேட்டில் ஏறாத பெயர்கள்

ஊர்வழி உலகம் – 17

போன வாரம் செட்டிநாட்டுக் கண்டரமாணிக்கத்து வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களோடு நிறுத்தினோம். இந்த வாரம், அப்படியொரு வீட்டின் மரப்பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

பட்டாலையில் பாயை விரித்து, வீட்டு ஆச்சி ஒரு கட்டை அவிழ்த்தார். பர்மாவில் இருந்த வட்டிக்கடையிலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்த ஐந்தொகைக் கணக்குகள். தலையில் பிள்ளையார் சுழி, கீழே தமிழ் வருஷமும் மாசமும். அதற்கும் கீழே கடன்காரர்கள்: மவுங் இன்னார், மா இன்னார். பர்மியப் பெயர்கள் தமிழ் எழுத்தில் வரிசையாக இருந்தன. கடைசித் தாள் விஷு வருஷம் கார்த்திகை. அந்த மார்கழியில், 1941 டிசம்பர் 23 அன்று, ரங்கூனில் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8-ல் நகரமே கைமாறியது.

“எங்க ஐயா நடந்துதான் வந்தாக. வந்த பிறகும் ரொம்ப நாள் செருப்புப் போட முடியலையாம், கால் அப்படிப் புண்ணாம்” என்றார் ஆச்சி.

அரக்கான், மணிப்பூர் வழியாக வந்த லட்சக்கணக்கானவர்களில் அந்த ஐயாவும் ஒருவர். வழியிலேயே விழுந்தவர்கள் பல ஆயிரம். அவர் விட்டுவந்தது நெல் விளையும் ஐராவதிப் படுகை. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போகவே, 1937-க்குள் அது 25 பங்கானது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் இந்தத் தாள்களைப் படிக்க வேண்டும்.

அந்த நெல்தான் அரிசியாகிக் கப்பலேறி கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்துகொண்டிருந்தது. ரங்கூன் விழுந்ததும் வரத்து நின்றது. 1942 அக்டோபரில் வங்கத்து மேதினிப்பூரைப் புயல் அடித்தது. ஆனால் 1943 பஞ்சத்தில் வங்கத்தைக் கொன்றது இவை மட்டும் அல்ல. ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாதென்று கரையோர மாவட்டங்களின் நெல்லை அரசாங்கமே அள்ளியது; பல்லாயிரம் படகுகளைப் பறித்தது. மீனவனுக்கும் படகுக்காரனுக்கும் பிழைப்பு போயிற்று. யுத்தச் செலவில் விலை ஏற ஏற, கல்கத்தா ஆலைத் தொழிலாளிக்கு மலிவு அரிசி ஒதுக்கினார்கள். கிராமத்துக் கூலிக்காரன் வெறும் பானையோடு நின்றான். தானியம் கேட்டுப் போன தந்திகளுக்கு, கப்பல் இல்லை என்றது சர்ச்சிலின் லண்டன்.

1943-ல் வங்கத்திலிருந்த உணவு 1941-ஐவிடக் குறைவில்லை என்று பின்னாளில் கணக்குப் போட்டுக் காட்டினார் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென். அந்தப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ணால் கண்டவர் அவர். அரிசி இருந்தது, அதை வாங்கும் வழிதான் ஏழைக்கு அடைபட்டிருந்தது. 1943 ஆகஸ்டில் ‘ஸ்டேட்ஸ்மேன்’ பத்திரிகை தெருவோரப் பிணங்களின் படங்களைப் போட்ட பிறகே வெளியுலகம் விழித்தது. ஆனாலும் இது பஞ்சம் என்று அரசாங்கம் சட்டப்படி கடைசிவரை அறிவிக்கவில்லை. செத்தவர் 15 லட்சம் என்றது விசாரணைக் கமிஷன். 30 லட்சம் வரை இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அரசாங்கமே தானியத்தை அள்ளிய பஞ்சம் இன்னொன்றும் உண்டு. இதற்குப் பத்தாண்டு முன்னால், 1932-33-ல், உக்ரைனில் ஸ்டாலினின் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து தானியத்தைப் பறித்தார்கள். பட்டினியில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அதைப் பல்லாண்டுகள் வெளியே பேசவே முடியவில்லை. இப்போது ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து நான்காம் சனிக்கிழமை மாலையில் அங்கே ஜன்னல்தோறும் மெழுகுவர்த்தி எரிகிறது. 2008-ல், மாண்டவர்களின் பெயர்களை மாவட்டம் மாவட்டமாகத் திரட்டி நினைவுப் புத்தகங்களாகவும் போட்டார்கள்.

இப்படிப் பெயர் பெயராக எழுதும் ஏட்டுக்குச் செட்டிநாட்டுக் கணக்கில் ஒரு சொல் இருக்கிறது: பேரேடு. ஆளுக்கொரு பக்கம், பக்கத்துக்கு ஒரு பெயர். நூறு ரூபாய் கடன் வாங்கிய பர்மியனின் பெயர்கூட ஆச்சியின் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அவன் நிலத்து அரிசி நின்றுபோன காலத்தில் வங்கத்தில் செத்தவனின் பெயர் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

ஆச்சி கட்டைத் திரும்பக் கட்டினார். “இதுல பாதிப் பேரு கடனைத் திருப்பவே இல்லை. ஆனா தூக்கிப் போட மனசு வரலை” என்றார்.

(தொடரும்)