மூன்று கீழே இறங்கினால்...



திருப்பாச்சூரில் எங்கள் தெருச் சிறுமி ஒருத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஒருநாள் பழைய கணினியில் கணக்குப் பாடம் பார்த்தவள், "டீச்சர், 23 = 8 என்று போட்டிருக்கே! எனக்குத்தான் புரியலையா?" என்று ஓடி வந்தாள்.

போய்ப் பார்த்தேன். அது 2³ = 8. மேலே சின்னதாக நிற்க வேண்டிய 3, கீழே இறங்கி 2-க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது!

ஓர் எண் இடம் மாறினால் என்ன ஆகும்? கணித மேதை ராமானுஜன் சொன்ன 1729-ஐ எடுத்துக்கொள்வோம்.

1³ + 12³ = 1729
10³ + 9³ = 1729

இப்போது 3 எல்லாம் கீழே இறங்கட்டும். 13 + 123 = 136. ஆனால் 103 + 93 = 196. இரண்டும் சமமாக இருந்த அழகே போய்விட்டது, பார்த்தீர்களா?

நாம் பேனாவால் எழுதும்போது எண்ணை எங்கே வைப்பது என்பது நம் கையில் இருக்கிறது. இணையப் பக்கத்தைக் காட்டும் பிரவுசரோ எழுத்துகளை வரிசையாக அடுக்கும். 'இந்த 3 மேலே நிற்க வேண்டும்' என்று அதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்வதற்காகவே 1998-ல் 'மேத்எம்எல்' என்ற குறிமொழி வந்தது. ஆனால் எல்லா பிரவுசர்களுக்கும் அது புரியவில்லை. பயர்பாக்ஸில் ஒழுங்காகத் தெரிந்த சூத்திரம், குரோமில் ஒரே வரியாகக் குலைந்து தெரிந்தது. 2010-ல் 'மேத்ஜாக்ஸ்' என்ற நிரல் வெளியானது. அது இணையப் பக்கத்தோடு சேர்ந்து வந்து, எந்த பிரவுசராக இருந்தாலும் சூத்திரத்தைத் தானே அடுக்கிக் காட்டும். குரோம் 2023-ல் மேத்எம்எல்லை ஏற்றுக்கொண்டது.

'சூத்திரத்தைப் படமாகவே ஒட்டிவிடலாமே?' என்று கேட்பீர்கள். கண்ணுக்குச் சரிதான். ஆனால் பார்வையற்ற மாணவர்கள், கணினி வாசித்துக் காட்டுவதைக் காதால் கேட்டுப் படிக்கிறார்கள். வெறும் படம் என்றால், அதில் உள்ள சூத்திரம் அவர்களுக்குக் கேட்காமலே போய்விடலாம். குறிமொழியில் எழுதியிருந்தால், அதை உணரும் மென்பொருள் 'இரண்டின் கனம்' என்று சொல்லிவிடும். கணக்கு எல்லோருக்கும் சரியாகப் போய்ச் சேர வேண்டாமா?

ஆகவே, திரையில் பார்க்கும் கணக்கு புரியவில்லை என்றால் உடனே 'நான் மக்கு' என்று நினைக்காதீர்கள். எண் இடம் மாறியிருக்கிறதா என்று பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கே, இதைச் சரிசெய்து நோட்டில் எழுதுங்கள் பார்க்கலாம்:

32 + 42 = 52

கீழே இறங்கிய எண் எது?